மஜ்ஜை இல்லாத மீனுக்கு ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது?

குடியாத்தம் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது என்று படித்தேன். அப்படியானால் ஆன்டிபாடி செய்கிற செல்கள் எங்கே உருவாகின்றன? நம் உடம்பில் நடப்பதுபோலவேதானா? சென்ற மார்கழியில் என் குட்டையில் மீன்களுக்குச் சிவப்புப் புண் வந்து நிறைய செத்தது. குஞ்சாக இருக்கும்போதே தடுப்பூசி போட்டால் பிடிக்குமா?”

முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் தெரிந்தால் தடுப்பூசி விஷயம் பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் அதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வேலூரில் மஜ்ஜை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1986 முதல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அதற்காக வடக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களை ஆட்டோக்காரர்களுக்குக்கூடத் தெரியும். ரத்தம் ஊறும் இடம் மஜ்ஜை. கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஆன்டிபாடி, அதைச் செய்யும் பி செல் என்ற வெள்ளையணுவும் அங்கேதான் பிறக்கிறது. இது மனிதனுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பொருந்தும், மீனுக்குப் பொருந்தாது. மீனின் முள்ளுக்குள் ரத்தம் ஊறுவதில்லை. நிணநீர் முடிச்சும் அதற்குக் கிடையாது. நமக்குக் காய்ச்சலில் கழுத்தோரம் நெறி கட்டுகிறதே, அந்தச் சங்கதியே மீனில் இல்லை.

அந்த வேலை நடக்கும் இடத்தை நீங்கள் பலமுறை கையால் தொட்டிருப்பீர்கள். ஒரு கிலோ ரோகுவை வாங்கி வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டால் வெள்ளையாகக் காற்றுப்பை தெரியும். இரண்டு அறை, நடுவில் இடுப்புபோல ஒடுங்கியிருக்கும். அதை விலக்கிப் பார்த்தால் முதுகெலும்பை ஒட்டினாற்போல் கருஞ்சிவப்பாக ஒன்று படிந்திருக்கும். விரல் வைத்தால் குழையும், சவ்வு கிழிந்தால் ரத்தமாகவே வழியும். “அந்த ரத்தத்தைச் சுத்தமா எடுத்துடு, இல்லேன்னா குழம்பு கவிச்சி அடிக்கும்” என்று வீட்டில் சொல்வார்கள். கத்தி முனையால் சுரண்டித் தண்ணீர் விட்டு அலசுவோம். அது உறைந்த ரத்தம் இல்லை, மீனின் சிறுநீரகம். காற்றுப்பையின் இரண்டு அறைகளுக்கும் நடுவே தடித்து, பின்பக்கமாக நீளும் பகுதி சிறுநீர் வடிகட்டும் வேலையைச் செய்கிறது. காற்றுப்பைக்கு முன்னால், செவுளுக்குப் பின்பக்கம் இரண்டு மடலாக விரிந்திருக்கிறதே, அதற்குத் தலைச் சிறுநீரகம் என்று பெயர். முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில் அதுவும் வடிகட்டத்தான் செய்கிறது. மீன் வளர வளர அந்த வேலையை விட்டுவிட்டு ரத்தம் செய்யும் உறுப்பாகவே மாறிவிடுகிறது. மீனுக்கு அதுதான் மஜ்ஜை.

அந்தத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஜீம்சா சாயம் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். மனித மஜ்ஜையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதிகம் குழப்பம் வராது. சிவப்பணுக் குஞ்சுகள், வெள்ளையணுக்களின் பல பருவங்கள், உருண்டையான சின்ன லிம்போசைட்டுகள், எல்லாம் கலந்து கிடக்கும். நடுநடுவே உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கி, மிச்ச இடமெல்லாம் அடர் நீலமாகச் சாயம் ஏறிய செல் ஒன்றிரண்டு அகப்படும். அது பிளாஸ்மா செல், முழுநேரமும் ஆன்டிபாடி சுரப்பது. பி செல் என்ன ஆக வேண்டும் என்று கேட்டால் அந்த நீலச் செல்லைத்தான் காட்ட வேண்டும். பிறப்பும் முடிவும் ஒரே உறுப்பில் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எலும்பை விட்டுச் சிறுநீரகத்தில் ஏன்? 2018இல் ஒரு விளக்கம் வந்தது. ஆய்வகங்களில் வளர்க்கும் சின்ன ஜீப்ரா மீனின் சிறுநீரகத்துக்கு மேலே கறுப்பு நிறமிச் செல்கள் படர்ந்து மூடியிருக்கின்றன. அந்த மூடாக்கு இல்லாத மீன்களில் ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் மூலமான ஸ்டெம் செல்களின் டி.என்.ஏ. புறஊதாக் கதிரால் சேதமானது. வெயிலிலிருந்து ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், நிலத்துக்கு வந்த பிராணிகள் எலும்புக்குள் ஒளிந்தன, மீன் நிறமிக்கு அடியில் ஒளிந்தது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது ஒன்றே முழுக் காரணமா என்பது வேறு பேச்சு. ஆனால் அடுத்த முறை மீன் ஆயும்போது சிறுநீரகத்தின் மேல் கறுப்புப் பொடி தூவியதுபோலத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சரி, குஞ்சுப் பருவத்திலிருந்து வருவோம். ஜீப்ரா மீனின் உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் இந்தக் கதையை உயிரோடு பார்த்து எழுதியிருக்கிறார்கள். ரத்த ஸ்டெம் செல்கள் முதன்முதலில் முதுகுப்பக்கப் பெருந்தமனியின் சுவரிலிருந்து மொட்டுவிட்டுப் பிரிகின்றன. அங்கிருந்து வால் பகுதியில் ஓர் இடத்தில் தற்காலிகமாகத் தங்கிப் பெருகி, பிறகு சிறுநீரகத்துக்கும் தைமஸுக்கும் குடியேறுகின்றன. தைமஸ் என்பது டி செல் வளரும் உறுப்பு, பி செல்லுக்கு உதவும் இன்னொரு வெள்ளையணு வகைதான் டி செல். தைமஸ் சீக்கிரம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கருவுற்ற நான்காம் நாள் அளவிலேயே டி செல்லுக்கான மரபணு வெட்டு அங்கே ஆரம்பித்துவிடும். பி செல் அப்படி அவசரப்படுவதில்லை. கணையத்தின் அருகே முதலில் தென்படுகிறது என்று 2002இல் ஒரு ஆய்வு வந்தது. சிறுநீரகத்தில் பி செல் கூட்டம் தெளிவாகத் தெரிய மூன்று வாரம் ஆகிறது. உங்கள் குட்டையில் இருக்கும் கெண்டை இனத்துக்கு நெருங்கிய உறவான சாதாக்கெண்டையில், மேற்பரப்பில் ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடி தாங்கிய செல்கள் தலைச் சிறுநீரகத்தில் இரண்டு வார வாக்கில் தோன்றுகின்றன. ஆன்டிபாடியைச் சுரந்து வெளியே விடும் பிளாஸ்மா செல் வர ஒரு மாதம் ஆகிவிடும். குடலிலும் செவுளிலும் அவை நிரம்புவதற்கு இன்னும் தாமதம்.

அதுவரை குஞ்சுக்கு என்ன காவல்? தாய்மீன் முட்டைக் கருவில் வைத்து அனுப்பிய கொஞ்சம் ஐஜிஎம், அப்புறம் மேல்வழுவழுப்பு, பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் நொதி, கிருமியைத் தாக்கும் நிரப்புப் புரதங்கள், கண்டதைத் தின்னும் மேக்ரோபேஜ்கள். இவ்வளவுதான். நுண்மீன் குஞ்சு கொத்துக் கொத்தாகச் சாவதற்கு ஆக்சிஜன், தீனி என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் அந்த வயதில் சொந்தமாக ஆன்டிபாடி செய்யும் தகுதி அதற்கு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி தலைச் சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

உலகத்தில் எத்தனை கிருமி வரும் என்று மீனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் ஆன்டிபாடியில் கிருமியைப் பிடிக்கும் முனைக்கு முழு மரபணு என்று ஒன்று கிடையாது, துண்டுகள்தான் உண்டு. ஆன்டிபாடி கனச் சங்கிலி, மென் சங்கிலி என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலி சேர்ந்தது. கனச் சங்கிலிக்கு வி (V), டி (D), ஜே (J) என்று மூன்று வகைத் துண்டுகள் குரோமோசோமில் வரிசையாகக் கிடக்கின்றன (இந்த டி வேறு, டி செல்லின் டி வேறு). ஒவ்வொரு இளம் பி செல்லும் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி, ஒரு டி-யை ஒரு ஜே-யோடு ஒட்டி, பிறகு ஒரு வி-யை அதோடு ஒட்டுகிறது. எந்த வி, எந்த டி என்பது குருட்டுக் குலுக்கல். உடம்பின் செல்லொன்று தன் மரபணுவையே கலைத்து அடுக்கும் என்று 1976இல் சுசுமு டோனெகாவா சுண்டெலியில் காட்டியபோது பலருக்கு நம்ப முடியவில்லை. 1987இல் அதற்காக நோபல் கொடுத்தார்கள். வெட்டும் நொதிகளுக்கு ராக்-1, ராக்-2 என்று பெயர். தாடை உள்ள எல்லா முதுகெலும்பிகளுக்கும் அதே நொதிதான். வேலூர்க் கோட்டை அகழியில் நீந்தும் ஜிலேபிக் கெண்டைக்கும், அதை மேலே நின்று வேடிக்கை பார்க்கும் நமக்கும் பொது.

ஜீப்ரா மீனில் ஐஜிஎம் கனச் சங்கிலிக்கு 39 வி, 5 டி, 5 ஜே இருக்கின்றன. பெருக்கினால் 975 சேர்க்கை. இவ்வளவு குறைவா என்று தோன்றும். ஆனால் ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் அரிக்கப்படும், சில எழுத்துகள் புதிதாகச் செருகப்படும். அப்புறம் மென் சங்கிலியும் இதேபோல வெட்டி ஒட்டப்பட்டுக் கூடச் சேரும். எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். 2009இல் 14 ஜீப்ரா மீன்களின் ஆன்டிபாடி மரபணுக்களை முழுசாக வாசித்துப் பார்த்தார்கள். அந்த 975இல் 50 முதல் 86 சதவீதம் வரை ஒவ்வொரு மீனும் பயன்படுத்தியிருந்தது. அத்தனை சின்ன மீனுக்கு மொத்தமே மூன்று லட்சம் போல பி செல்தான் இருக்கிறது. கையில் இருக்கும் சீட்டுகளில் பாதிக்கு மேல் எடுத்து ஆடிவிடுகிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கனச் சங்கிலி சரியாக அமைந்தால் செல் அடுத்த கட்டத்துக்குப் போகும். இல்லையென்றால் செத்துப்போகும். மென் சங்கிலியும் அமைந்துவிட்டால் ஐஜிஎம் மேற்பரப்பில் வந்து நிற்கும், கூடவே ஐஜிடி என்ற இன்னொன்றும் வரும். இந்தப் பருவ வரிசையை ஓட்டும் பேக்ஸ்-5, இபிஎஃப்-1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள்கூட நமக்கும் மீனுக்கும் ஒன்றுதான். இதுவரை பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

பிரிவது இங்கே.

ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, அந்த வானவில் ட்ரௌட் மீனிலும், ஜீப்ரா மீனிலும் வேறு வேறு குழுக்கள் 2005ஆம் ஆண்டிலேயே ஒரு புது ஆன்டிபாடி வகையைக் கண்டுபிடித்தன. ட்ரௌட் குழு வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் மேலே சொன்ன ஐஜிடியோடு குழம்பும் என்பதால் ஜீப்ரா மீன் குழு வைத்த ஐஜி-இசட் என்ற பெயரையே வைத்துக்கொள்கிறேன். பாலூட்டிகளில் இது கிடையாது. குடல், தோல், செவுள் என்று தண்ணீர் படும் இடமெல்லாம் காவல் காப்பது இதுதான். 2010இல் ட்ரௌட் குடலில் பார்த்தார்கள். அங்கே வாழும் பாக்டீரியாக்களின் மேல் பெரும்பாலும் ஐஜி-இசட் பூசியிருந்தது. குடலில் ஒட்டுண்ணி வந்தபோது அங்கே ஏறியது ஐஜி-இசட், ரத்தத்தில் ஏறியது ஐஜிஎம்.

இந்த இரண்டும் குரோமோசோமில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். முதலில் வி துண்டுகள். அடுத்து ஐஜி-இசட்டுக்கான டி, ஜே, உடற்பகுதி. அதற்கும் அப்பால்தான் ஐஜிஎம்முக்கான டி, ஜே, உடற்பகுதி. ஓர் இளம் பி செல், வி துண்டை எடுத்துத் தொலைவில் இருக்கும் ஐஜிஎம் டி-யோடு ஒட்ட வேண்டுமானால் நடுவில் இருப்பதை வெட்டி வீசியாக வேண்டும். நடுவில் இருப்பது ஐஜி-இசட். அது போனது போனதுதான். அந்தச் செல்லோ, அதன் பிள்ளை பேரன் யாருமோ இனி ஐஜி-இசட் செய்ய முடியாது. பக்கத்தில் இருக்கும் ஐஜி-இசட் டி-யோடு ஒட்டிவிட்டால் அந்தச் செல் ஐஜி-இசட் மட்டுமே செய்யும். ஆக, குடல் காவலா ரத்தக் காவலா என்பது கிருமியைக் கண்ணால் பார்க்கும் முன்பே, தலைச் சிறுநீரகத்தில் அந்த ஒரு வெட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

நம் உடம்பில் அப்படி இல்லை. நம் பி செல் முதலில் ஐஜிஎம் செய்யும், கிருமியைப் பார்த்த பிறகு அதே முனையை வைத்துக்கொண்டு ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஇ என்று உடலை மாற்றிக்கொள்ளும். மீனுக்கு இந்த வகை மாற்றம் கிடையாது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. வகை மாற்றத்துக்குத் தேவையான ஏஐடி என்ற நொதி மீனிடம் இருக்கிறது. மீனின் ஏஐடியை எடுத்துச் சுண்டெலியின் பி செல்லில் வைத்தால் அங்கே வகை மாற்றம் நடக்கிறது! கருவி கையில் இருக்கிறது, வெட்ட வேண்டிய இடம்தான் மீனின் குரோமோசோமில் இல்லை. அந்த ஏஐடி மீனுக்குள் வேறொரு வேலை செய்கிறது. முனைப்பகுதியில் அங்கங்கே எழுத்தை மாற்றி, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்க்கிறது. உங்கள் ஊர்க் கைலித் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஏற்றியாயிற்று என்றால் அது மாறாது, ஊடை நூலை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். மீனின் பி செல்லும் அப்படித்தான்.

அந்த ஊடை மாற்றமும் நம் அளவுக்கு மீனுக்குக் கைகூடுவதில்லை. நம் நிணநீர் முடிச்சில் பி செல்கள் போட்டி போட்டு, நன்றாகப் பிடிப்பது மட்டும் மிஞ்சுவதற்கென்று தனி இடங்கள் உண்டு. மீனுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றுதான் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. மண்ணீரலில் மெலனோமேக்ரோபேஜ் என்ற கறுப்புச் செல்கள் கும்பலாக இருக்கும். அவற்றை ஒட்டி பி செல்லும் டி செல்லும் திரண்டு பெருகுவதையும், அங்கே முனை மாற்றமும் தேர்வும் நடப்பதையும் 2023இல் ட்ரௌட்டில் காட்டினார்கள். ஆக இடம் இருக்கிறது, ஆனால் பலன் சுமார்தான். மீன் ஆன்டிபாடியின் பிடிப்பு நாளாக நாளாகக் கூடுகிறது என்றாலும் முயலிலோ மனிதனிலோ கூடுவதுபோல ஆயிரம் மடங்கு என்றெல்லாம் போவதில்லை.

இப்படிப் படித்தவுடன், மீனுடையது அரைகுறை ஏற்பாடு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நானும் அப்படிக் கருதவில்லை. மீனின் ஐஜிஎம் நான்கு அலகு சேர்ந்தது, நம்முடையது ஐந்து. ஒவ்வொரு முனையும் லேசாகப் பிடித்தாலும் எட்டு முனை ஒன்றாகப் பிடித்தால் கிருமி தப்பாது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் 2006இல் வந்தது. மீனின் பி செல் ஆன்டிபாடி செய்வதோடு நில்லாமல் பாக்டீரியாவை அப்படியே விழுங்கிக் கொல்லவும் செய்கிறது. பி செல் விழுங்காது என்பது அதுவரை வேதவாக்கு. மேக்ரோபேஜும் பி செல்லும் ஒரே மூதாதைச் செல்லிலிருந்து வந்தவை என்ற எண்ணத்துக்கு அதிலிருந்து பலம் கூடியது.

பருவ வரிசையை முடித்துவிடுகிறேன். முதிர்ந்த பி செல் தலைச் சிறுநீரகத்தை விட்டு ரத்தத்தில் ஏறி மண்ணீரலுக்கும் பின்பக்கச் சிறுநீரகத்துக்கும் போகிறது. தனக்குப் பொருந்தும் கிருமியைச் சந்தித்தால், டி செல்லின் உதவியோடு பெருகி, பிளிம்ப்-1 என்ற புரதம் ஏறி, பிளாஸ்மாபிளாஸ்ட் ஆகிறது. அது ஆன்டிபாடியும் சுரக்கும், பெருகவும் செய்யும். கடைசிப் பருவத்தில் பெருகுவது நின்றுபோய்ச் சுரப்பது மட்டும் மிஞ்சும். அந்தப் பிளாஸ்மா செல் எங்கே போய்க் குடியேறுகிறது? தலைச் சிறுநீரகத்துக்கே திரும்பி வருகிறது. அங்கே நெடுநாள் உயிரோடிருந்து ரத்தத்துக்கு ஆன்டிபாடி அனுப்பிக்கொண்டிருக்கும். நமக்கும் நீண்டகாலப் பிளாஸ்மா செல்கள் மஜ்ஜைக்குத் திரும்புவது உண்டு, அதே ஏற்பாடுதான்.

எல்லா மீனும் இப்படியே என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கக் கால்வாய்க் கெளுத்தியில் ஐஜி-இசட் கிடையவே கிடையாது. அட்லாண்டிக் காட் மீன், டி செல் உதவிக்கு வேண்டிய எம்எச்சி இரண்டாம் வகை, சிடி-4 என்ற புரதங்களைத் தொலைத்துவிட்டது என்று 2011இல் அதன் மரபணுத் தொகுப்பை வாசித்தபோது தெரிந்தது. ஆனாலும் கடலில் கோடிக்கணக்கில் இருக்கிறது. சுறாவுக்குத் துண்டுகளின் அடுக்கே வேறு. தாடையில்லாத லாம்ப்ரே மீனுக்கு ஆன்டிபாடியே இல்லை, அதன் இடத்தில் முற்றிலும் வேறு புரதம் இருக்கிறது. 2004இல் அதைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த மேக்ஸ் கூப்பர்தான், 1965இல் கோழிக் குஞ்சுகளை வைத்து பி செல்லும் டி செல்லும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டியவர். நாற்பது வருஷம் ஒரே கேள்வியைத் துரத்தியிருக்கிறார் மனிதர்.

சரி, உங்கள் குட்டைக்கு வருவோம்.

மார்கழி என்று எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியம். மீனுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்புச் சூடு. கால்வாய்க் கெளுத்தியை வைத்து அமெரிக்காவில் பல ஆண்டு செய்த ஆய்வில், 27 டிகிரியில் நன்றாக ஆன்டிபாடி செய்த மீன் 17 டிகிரியில் புதுக் கிருமிக்குத் திணறியது. இதில் பி செல்லைக் குறை சொல்ல முடியாது. டி செல் உதவி தேவைப்படாத பொருளுக்கு அது குளிரிலும் ஆன்டிபாடி செய்தது. குளிரில் மந்தமாவது இன்னும் கிருமியே பார்க்காத புது டி செல்கள். நம் பக்கம் சித்திரை வைகாசியில் 40 டிகிரி தாண்டி மண்டையைப் பிளக்கும் வெயிலை எல்லோரும் சபிக்கிறோம். கட்லா, ரோகு ஆன்டிபாடி செய்வதற்கு, ஆக்சிஜன் இருக்கும்வரை, அது நல்ல காலம். அவற்றுக்கு ஆகாத காலம் மழை ஓய்ந்து இரவு குளிரும் மார்கழி, தை. 1988 வாக்கில் இந்தியாவுக்குள் வந்து விராலையும் கெண்டையையும் அழித்த புண் நோய் குளிர்காலத்தில்தான் தலைவிரித்து ஆடியது என்பதைப் பழைய மீன்காரர்கள் சொல்வார்கள். அது பூஞ்சை போன்ற ஒரு உயிரியால் வருவது. சிவப்புப் புண் எல்லாம் அதுவல்ல, ஏரோமோனாஸ் பாக்டீரியாவாலும் வரும். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது.

இரண்டாவது விஷயம், நெரிசல். தலைச் சிறுநீரகத்தில் பி செல்கள் வளரும் அதே திசுவுக்குள், ரத்தக் குழாய்களை ஒட்டி, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் இருக்கின்றன. நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தனிச் சுரப்பியாக இருப்பது மீனுக்கு உள்ளேயே கலந்து கிடக்கிறது. மீன் மிரண்டாலோ மூச்சுத் திணறினாலோ கார்டிசால் பீறிடும். தூண்டப்பட்ட பி செல்கள் கார்டிசாலில் தற்கொலை செய்துகொள்வதைச் சாதாக்கெண்டையில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலேயே எதிரி. விடியற்காலை நான்கு மணிக்கு மீனெல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும் குட்டையில் எந்தத் தடுப்பூசி போட்டாலும் பாதி வீண். அதனால் முதலில் இருப்பு அடர்த்தியைக் குறையுங்கள். தண்ணீர் பச்சையாகக் கெட்டிப்படும்போது தீனியை நிறுத்தி, விடியும் முன் மோட்டார் ஓட்டித் தண்ணீரைத் தெளிக்க விடுங்கள். வலை போட்டு எடை பார்க்கும் வேலையைக் குளிர் மாதங்களில் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது, வயது. நீங்கள் கேட்டது இதைத்தான். குஞ்சாக இருக்கும்போதே போடுவது பெரும்பாலும் வீண், சில சமயம் கெடுதல். டி செல் முதிர்ந்து பி செல் முதிராத நாலு வாரத்துக்குள் சாதாக்கெண்டைக் குஞ்சுக்கு ஆன்டிஜென் (ஆன்டிபாடியைத் தூண்டும் அந்நியப் பொருள்) கொடுத்தால், சில பொருள்களை அது எதிரியாகப் பார்க்காமல் சொந்தப் பொருளாக ஏற்றுக்கொண்டு, பிறகு வளர்ந்தபின் அதே பொருளுக்கு ஆன்டிபாடி செய்ய மறுத்திருக்கிறது. விரல் நீளக் குஞ்சு, அதாவது விரலி அளவுக்கு வந்த பிறகுதான் பேச்சு. கொடுத்தாலும் பலன் மறுநாள் வராது, மூன்று நான்கு வாரம் ஆகும். குளிர்நாட்டுச் சால்மன் பண்ணைகளில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் டிகிரியை நாளால் பெருக்கினால் ஏறக்குறைய 500 வர வேண்டும், 10 டிகிரி என்றால் 50 நாள். அது சால்மனுக்குப் போட்ட கணக்கு, கட்லாவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் நாளை மட்டும் எண்ணாமல் சூட்டையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது எல்லா மீனுக்கும் பொது.

நார்வேயில் தடுப்பூசியால் நடந்தது உண்மையில் பெரிய காரியம். 1987இல் சால்மனுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் கலந்த ஊசி மருந்து வந்த பிறகு பத்து வருஷத்தில் அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது, மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியிருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு மீனையும் மயக்கி வயிற்றில் ஊசி போடுகிறார்கள், அந்த மீன் விற்கும் விலைக்கு அது கட்டுபடியாகிறது. மலிவாகப் போகும் ரோகுவுக்கு அப்படிச் செய்தால் ஆள் கூலிக்கே காணாது. மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பதும் தீனியில் கலப்பதும் சின்னப் பண்ணைக்குத் தோதானவை. அவை தோல், செவுள், குடல் வழியாகப் போய் ஐஜி-இசட் பக்கத்தைத் தூண்டப் பார்க்கின்றன. நியாயமான வழிதான். ஆனால் உங்கள் குட்டையில் வந்த கிருமிக்கே செய்ததாக இல்லாவிட்டால் அதுவும் தண்ணீரில் கரைத்த காசு. ‘எல்லா நோய்க்கும் ஒரே மருந்து’ என்று பாட்டிலைக் காட்டி விற்க யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதனால் முதலில் கிருமி எது என்று தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் நம் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி விலங்கியல் துறையின் நீர்வாழ் உயிரி ஆய்வகம், நன்னீர் இறாலின் வெள்ளை வால் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் ‘ரெஃபரன்ஸ்’ ஆய்வகமாக, அதாவது மற்ற ஆய்வகங்கள் சந்தேகம் கேட்கும் இடமாக, அங்கீகாரம் பெற்றது. கட்லாவின் திசுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளரும் செல் வரிசைகளையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். வைரஸ் நோய்களைப் படிக்க அது அடிப்படைத் தேவை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அடுத்த முறை புண் தெரிந்தால் முதலில் உங்கள் வட்டார மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லி, மாதிரியை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். செத்து மிதக்கும் மீனை எடுத்துப் போகாதீர்கள், அதில் எல்லாக் கிருமியும் ஏறியிருக்கும். புண் இப்போதுதான் சிவக்க ஆரம்பித்த, உயிரோடு நீந்தும் மீன் இரண்டு மூன்றை, அதே குட்டைத் தண்ணீரில், காற்று நிறைத்த பாலித்தீன் பையில் போட்டு, வெயில் ஏறும் முன் கொண்டுபோங்கள். சிறுநீரகத்திலிருந்துதான் மாதிரி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். அதனால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துச் சுத்தம் பண்ணி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.